ஐந்து கிண்ணங்களும் ஒரு கட்டைவிரலும்

பாப்பா,

நவோகியைப் பற்றி அப்பா என்ன முடிவு செய்தார் என்று நேற்றும் நீ அம்மாவிடம் போனில் கேட்டாயாம். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் போட்டால் போதும், வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றும் சொன்னாயாம். போட்டிருக்கலாம். நீ கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் பையனை ஜப்பானுக்கு வந்து நேரில் பார்த்துவிட்டு, ஷார்ஜா போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்தவன், மூன்று மாதமாக வாயைத் திறக்கவில்லை. அதற்கு நவோகி காரணமில்லை, அவன் அம்மா காரணமில்லை, அவர்கள் மொழியோ சாப்பாடோ காரணமில்லை. என் கட்டைவிரல்தான் காரணம். அந்தக் கதையை மறைத்துக்கொண்டு உனக்குச் சம்மதம் சொன்னால் அந்தச் சம்மதத்துக்கு மரியாதை இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "பெயின்ட் காய்ஞ்சிடுச்சான்னு பார்க்கிறார்" என்று நீ சொல்வாய். கேலிதான் என்றாலும் உண்மையும் அதுதான். சவூதியில் அல் கோபாரில் எட்டு வருடம் கேம்ப் வாழ்க்கை, பிறகு அம்மாவையும் கைக்குழந்தையான உன்னையும் அழைத்துக்கொண்டு ஷார்ஜாவில் இத்தனை வருடம். எண்ணெய்க் குழாய்களிலும் டாங்குகளிலும் அடித்த பெயின்ட் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே என் பிழைப்பு. கனம் அளக்க மீட்டர் உண்டு. ஊசித் துளை பார்க்க மிஷின் உண்டு. சட்டைப்பையில் டார்ச்சும் மஞ்சள் சாக்கட்டியும் எப்போதும் இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போவது கட்டைவிரல்தான். ஓரமாக, கண்ணில் படாத இடத்தில் ஒரு அழுத்து. ஒட்டினால் காயவில்லை, ஒட்டாவிட்டால் அடுத்த கோட்டுக்குப் போகலாம். தப்பு தெரிந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். வட்டம் போடுகிறவன் அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கிற பெயின்டரின் முகத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை. இந்தப் பழக்கத்தை யார்டு கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பச்சை டேபிளை நீ மறந்திருக்க மாட்டாய். இங்கே ரோலாவில் இதே பிளாட்தான், நீ ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் பிறந்தநாளுக்காக, அவள் தையல் மிஷின் வைத்திருக்கும் பழைய மர டேபிளைப் பால்கனிக்கு இழுத்துப் போட்டு, பேப்பர் விரித்து, நீயே பெயின்ட் வாங்கி வந்து அடித்திருந்தாய். அம்மா கீழே காய்கறி வாங்கப் போயிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் சைட்டிலிருந்து நான் நேராக உள்ளே வருகிறேன். மூக்கு நுனியில் பச்சையோடு நின்றுகொண்டு, "எப்படி இருக்குப்பா?" என்று கேட்டாய். நான் குனிந்து பார்த்தேன். பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தேன். இங்கே வழிந்திருக்கிறது, இங்கே பிரஷ் முடி ஒட்டியிருக்கிறது, இங்கே அடியில் இருக்கும் பழைய நிறம் தெரிகிறது என்று ஏழு இடத்தில் வட்டம் போட்டேன். ஈரப் பெயின்டைச் சாக்கட்டி கீறிக்கொண்டு போனது. "அப்பா, இட்ஸ் ஸ்டில் வெட்" என்றாய். "காய்ஞ்சா மட்டும் சரியாயிடுமா?" என்றேன். நீ அழவில்லை. டப்பாவை மூடி, பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாய். அம்மா வந்து டேபிளைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, அடுப்படிக்குள் போனாள். அன்று நான் என்னை நல்ல அப்பா என்றே நினைத்துக்கொண்டு தூங்கினேன். பிள்ளைக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்ட திருப்தி.

அதற்குப் பிறகு நீ எதையும் பாதியில் எனக்குக் காட்டியதே இல்லை. எந்தக் காலேஜ் என்பதை இடம் கிடைத்த பிறகு சொன்னாய். ஜப்பானிய மொழி படித்ததைப் பரீட்சை தேறிய பிறகு சொன்னாய். நாகோயா வேலையை விசா கைக்கு வந்த பிறகு சொன்னாய். மகள் எவ்வளவு கெட்டிக்காரி, எவ்வளவு அழுத்தம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே தவிர, எல்லாம் காய்ந்த பிறகே ஏன் என் கண்ணுக்கு வருகிறது என்று யோசிக்கவில்லை. இந்த ஏப்ரலில் நீ போன் செய்தபோதுதான் பொறி தட்டியது. "அப்பா, ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. இன்னும் எதையும் டிசைட் பண்ணலை. நீங்களும் அம்மாவும் வந்து பாருங்க, அப்புறம்தான் மத்தது" என்றாய். போனை வைத்த பிறகு அம்மாவின் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பையன் ஜப்பான்காரன் என்பது அதற்கு அப்புறம்தான் மண்டையில் ஏறியது.

ஜூன் மாதம் நாகோயாவிலிருந்து நாம் நான்கு பேரும் ரயிலில் போனோமே, அந்த இரண்டரை மணி நேரமும் நான் நவோகியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை எப்படித் தூக்குகிறான், அம்மாவுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுக்கிறானா, உன்னிடம் பேசும்போது குரல் மாறுகிறதா. அம்மா என் காதோரம் சாய்ந்து, "மாப்பிள்ளை பார்க்க வந்த மூஞ்சி மாதிரியா இருக்கு? பைப்லைன் பார்க்க வந்த மாதிரி இருக்கு" என்றாள். நீ எதிர் சீட்டிலிருந்து, "அப்பா, ப்ளீஸ். சும்மா பாருங்க. டோன்ட் இன்ஸ்பெக்ட்" என்றாய். சரி என்று தலையாட்டினேன். கிசோ ஹிராசாவா என்ற அந்தச் சின்ன ஸ்டேஷனில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மலைகளுக்கு நடுவில் ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் கறுத்த மர வீடுகள், ஒவ்வொன்றும் ரோட்டுக்குச் சற்றுச் சாய்வாக நின்று வாசலில் முக்கோணமாகக் கொஞ்சம் இடம் விட்டிருந்தன. வீட்டுக்கு வீடு முன்னால் கடை, கடை நிறைய அரக்குப் பூசிய கிண்ணமும் தட்டும் பெட்டியும். எத்தனையோ தலைமுறையாக இந்த ஊருக்கே இதுதான் தொழில் என்றான் நவோகி. ஒரு ஊர் முழுக்கக் கோட்டிங் வேலை என்றதும் எனக்கு ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரர்களைப் பார்த்த சந்தோஷம்.

நவோகியின் அம்மா வாசலுக்கே வந்து குனிந்து வணங்கினார். நாமும் குனிந்தோம், அவர் மறுபடி குனிந்தார், அம்மா மறுபடி குனிந்தாள், நீ சிரித்துக்கொண்டே நடுவில் புகுந்து நிறுத்தினாய். கணவர் இறந்த பிறகு தனியாக இந்த வேலையைச் செய்துகொண்டு மகனை வளர்த்தவர் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். கறி இல்லாத சாப்பாடு என்று கேட்டு வைத்துக்கொண்டு, அம்மாவுக்குத் தனியாகக் காய் வறுத்து, எனக்கு இறால் வறுத்து வைத்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் நீயும் அம்மாவும் முன்கடையில் சீப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். இனி நடந்தது உனக்குத் தெரியாது.

கொல்லைப்புறத்தில் கனமான மண் சுவர் வைத்து வெள்ளையடித்த ஒரு கட்டடம் உண்டே, அதன் உள்ளேதான் கடைசிப் பூச்சு நடக்கும். தூசி விழுந்தால் எல்லாம் போச்சு என்பதால் வெளியாட்களை விடுவதில்லையாம். எனக்கும் இதே தொழில் என்று நவோகி சொன்னதால் அவர் என்னை உள்ளே விட்டார். சட்டையெல்லாம் ஒட்டும் உருளையால் உருட்டி எடுத்த பிறகுதான். உள்ளே ஒரு அலமாரி. அதில் கறுப்புக் கிண்ணங்கள் ஐந்து, குச்சிகளில் பொருத்தி, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. வழியாமல் இருக்க அப்படி. அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நாம் அரக்கு என்கிறோம், உண்மையில் அது உருஷி என்ற மரத்தின் பால். நம் முந்திரிக்கும் மாமரத்துக்கும் பங்காளியாம். எத்தனை மைக்ரான் கனம் என்று கேட்டேன். நவோகி மொழிபெயர்த்தான். மைக்ரான் என்றால் என்னவென்று அவர் கேட்டார், மகன் விளக்கினான். "அவ்வளவு சின்னதை அளந்து என்ன பண்ணுவார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, அலமாரியின் உட்பக்கச் சுவரைத் துடைத்தார். எனக்குத் திக்கென்றது. என்னம்மா இது, பெயின்ட் காயும் இடத்தில் ஈரத்தைக் கொண்டு வைக்கிறீர்கள் என்றேன். உருஷி ஈரக் காற்றில்தான் காயும், வறண்ட காற்றில் நாள்கணக்கில் பிசுபிசுவென்று நிற்கும் என்றார். உனக்குத் தெரியும், ஆகஸ்டில் நம் கடலோர யார்டில் விடிகாலையில் இரும்பு வியர்த்து நிற்கும். ஈரப்பதம் எண்பத்தைந்தைத் தாண்டினால் கலாஸ், வேலை முடிந்தது, பிரஷ்ஷைக் கீழே வை என்று அத்தனை வருடம் கத்தியவன் நான். ஈரத்தில் காய்கிற பூச்சு என்று ஒன்று இருப்பதை என் மூளை நம்ப மறுத்தது.

முன்கடையில் யாரோ கூப்பிட, அவர் எழுந்து போனார். நவோகி திரும்பி நின்று கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஓரத்துக் கிண்ணம் என் முன்னால் சுற்றி வந்தது. அடிவிளிம்பில், கண்ணில் படாத இடத்தில், ஒரு அழுத்து. பாப்பா, நான் யோசித்துச் செய்யவில்லை. அந்த ஈரத்தை நம்பாத கை தானாகப் போயிற்று. எடுத்துப் பார்த்தால் கட்டைவிரலில் கறுப்பு, கிண்ணத்தில் என் ரேகை. திரும்பிய நவோகி முதலில் என்னைப் பார்த்தான், பிறகு கிண்ணத்தைப் பார்த்தான். அதற்குள் அவன் அம்மா வந்துவிட்டார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது, உடனே கிண்ணத்தில் போய் நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் நவோகி குனிந்து என்னவோ சொல்லி, தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் ஒருவன் அடுத்தவன் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்வது எந்த மொழியிலும் புரியும். அவர் அவன் தோளில் ஒரு அடி போட்டார். பெருமூச்சு விட்டார். நானோ, கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு, மரம்போல நின்றேன்.

வெளியே வந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஆங்கிலமும் அரைகுறை, என் ஆங்கிலமும் அரைகுறை. நம் பேச்சில் சொன்னால் அவன் சொன்னது இதுதான்: "சின்ன வயசுல நானே எத்தனையோ தடவை தொட்டிருக்கேன், மாமா. அம்மாவுக்கு என்மேல கோபப்பட்டுப் பழக்கம். உங்கமேல கோபம் வந்தா எங்க வைக்கிறதுன்னு அவங்களுக்குத் தெரியாது." மாமா என்ற ஒரு சொல்லை மட்டும் நீ சொல்லிக்கொடுத்தபடி தமிழில் சொன்னான். அந்தக் கிண்ணத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவன் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். "காயட்டும்னு சொல்றாங்க. ஈரத்துல கை வைக்கக் கூடாதாம். நல்லா காய்ஞ்ச பிறகு கரியால தேய்ச்சு, திரும்பப் பூசினா சரியாயிடுமாம்." என் முகம் போன போக்கைப் பார்த்து, தப்பாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்று பயந்துவிட்டான். பால்கனியும் பச்சை டேபிளும் எனக்கு ஞாபகம் வந்தன என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அப்புறம்தான் இன்னொன்றைச் சொன்னான். ஏன் ஐந்து கிண்ணம் என்று நான் கேட்டதற்கு, விரல்விட்டு எண்ணினான்: அவன், நீ, அவன் அம்மா, உன் அம்மா, நான். நீங்கள் இருவரும் பழக ஆரம்பித்ததை அவன் சொன்ன மாதத்திலேயே அவர் முதல் பூச்சைத் தொடங்கிவிட்டாராம்.

அங்கேயே உன்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சும்மா பார்க்கிறேன் என்று உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு நாள்கூடத் தாங்கவில்லையே என்ற வெட்கம். மறுநாள் காலை டீ குடிக்கும்போது நகக்கண்ணில் இருந்த கறை அவன் அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. சோப்புக்குப் போகாத கறை அது. அவர் எழுந்துபோய்ச் சமையல் எண்ணெயும் பஞ்சும் எடுத்து வந்து, என் கையைப் பிடித்து, விரலைத் துடைத்துவிட்டார். முடித்ததும் என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா எங்க போய் மை தொட்டீங்க?" என்றாய். பேனா என்றேன்.

அடுத்த நாள் நாகோயாவில் என் மூக்கும் மேலுதடும் வீங்கி, காதோரமெல்லாம் தடித்துச் சிவந்ததே, அதற்கு இறால் காரணமில்லை. முந்திரிக் கொட்டைப் பால் பட்டால் தோல் என்ன ஆகும் என்று பண்ருட்டிக்காரனுக்குத் தெரியாதா? அதன் பங்காளியைத் தொட்ட விரலால் மீசையையும் மூக்குக்கண்ணாடியையும் தடவியதன் பலன். நீ பதறிப்போய் மருந்துக்கடைக்கு ஓடினாய். நவோகிக்குப் போன் செய்து இறால் புதுசுதானா என்று கேட்டாய். அவன் காரணம் தெரிந்தே உன்னிடம் மன்னிப்புக் கேட்டான். மூன்று நாளில் எனக்காக இரண்டு தடவை குனிந்தவன் அவன். நான் உதடு வீங்கிப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். இதைத்தான் மூன்று மாதமாக உன்னிடம் சொல்ல முடியாமல் திணறினேன். அம்மாவிடம்கூடப் போன வாரம்தான் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து பிளாட்டுக்காரர்கள் கதவைத் தட்டாததுதான் பாக்கி.

இவ்வளவு சொன்ன பிறகு உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். இருந்தாலும் அப்பன் அப்பன்தான், இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். தப்பைக் கண்டுபிடிக்கிற கண் உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கிறது. ரயிலில் அவன் டிக்கெட்டைத் தப்பான பைக்குள் வைத்ததை அவனுக்கு முன்னால் நீ பார்த்தாய், நான் கவனித்தேன். பார்க்காமல் இருக்க உன்னால் முடியாது, அது சாபம். ஆனால் பார்த்த உடனே சொல்லியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நான் போட்டுக்கொண்டேன், உன்னைப் பதினைந்து வருடம் இழந்தேன். இன்னொன்று நவோகியைப் பற்றி. அடுத்தவர் பழியைத் தலையில் வாங்கிக்கொள்கிறவன் நல்லவன்தான். வீட்டில் அதையே அவனுக்கு நிரந்தர உத்தியோகமாக்கிவிடாதே. பாதி நாள் தப்பு உன்னுடையதாக இருக்கும். அப்போது அவன் குனிவதற்குள் நீ முந்திக்கொள். உன் அப்பாவால் அன்று முடியாதது அது.

நேற்று மத்தியானம் கூரியர்காரன் கொண்டுவந்த பார்சலில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது தெரிந்தும் அனுப்பியிருக்கிறார் நவோகியின் அம்மா. உன் அம்மா அடுப்படியில் இருக்க, நான் டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளிம்பு, அடி, உள்வளைவு என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். என் விரல் பட்ட கிண்ணம் இவற்றில் ஒன்றா, அங்கே இருக்கும் மூன்றில் ஒன்றா, கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருட சர்வீஸில் என் கண்ணை ஏமாற்றிய முதல் வேலை இது, அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பெட்டியின் அடியில் ஒரு சீட்டு. கோணல் மாணலாக, குழந்தை எழுதிய மாதிரி தமிழ் எழுத்து. நவோகி உன்னிடம் கேட்டு எழுதினானா, போனைப் பார்த்து வரைந்தானா தெரியவில்லை. உன்னிடம் கேட்டிருந்தால் உனக்கு எல்லாமே தெரிந்திருக்கும், நான் இத்தனை பக்கம் எழுதியது வீண். பரவாயில்லை, என் வாயால் சொல்ல வேண்டியதுதானே. அந்தச் சீட்டில் இருந்தது ஒரே வரி: "மாமா, இப்போது தொடலாம்."

இரண்டு கிண்ணத்தையும் எடுத்துப்போய் அம்மாவின் பச்சை டேபிள்மேல் வைத்தேன். பால்கனியிலிருந்து அதை உள்ளே கொண்டுவந்து எத்தனையோ வருடமாகிறது, மிஷின் போய் இப்போது அதில்தான் சாப்பிடுகிறோம். கிண்ணங்களைப் பார்த்த அதே டார்ச்சால் டேபிளையும் பார்த்தேன். நீ அடித்த பெயின்ட் ஓர் இடத்தில்கூடப் பெயரவில்லை. வழிந்தது, முடி ஒட்டியது என்று நான் சொன்னது எதுவும் இன்று கண்ணில் படவில்லை. சாக்கட்டி கீறிய ஏழு வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா பின்னால் வந்து நின்று, "இப்பவாவது சொல்லிடுங்க, புள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

எனக்குப் பூரண சம்மதம், பாப்பா. கல்யாணத் தேதியை நீங்கள் பாருங்கள், என்னிடம் முடிந்த பிறகு சொல்லாமல் குழப்பமாக இருக்கும்போதே சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை நவோகியையும் அவன் அம்மாவையும் இங்கே அழைத்துக்கொண்டு வா. மற்ற மூன்று கிண்ணங்களையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். டேபிள் சின்னதுதான், ஐந்து பேர் கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால் போதும்.

உன் அப்பா